எந்தக் கட்சியிலும் சேராத போர்வைகள்

எனக்குக் கல்யாணச் சீராக வந்த தையல் மெஷினில் ஒரு வசதி உண்டு. அடியிலிருந்து துணியைப் பிடித்து நகர்த்துகிற பல்லை ஒரு திருகாணியைத் திருகிக் கீழே இறக்கிவிடலாம். பல்லை இறக்கி, மேலே துணியை அழுத்துகிற பாதத்தையும் கழற்றிவிட்டால், துணி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மெஷின் சொல்லாது. நம் கைதான் சொல்லும். ஊசி ஒரே இடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். நாம் துணியை நகர்த்தி நகர்த்திப் பூவோ கொடியோ வரைந்துகொள்ளலாம். கல்யாணத்துக்கு முன்னால் தேனியில் ஆறு மாதம் தையல் வகுப்புக்குப் போய் இதைக் கற்றிருந்தேன். போடிநாயக்கனூரில் எங்கள் தெருவில் வேறு யாருக்கும் இது தெரியாது. இந்த ஒரு தகுதியை வைத்துத்தான், எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் மாதர் சங்கம் என் தலையில் இருபது போர்வைகளைக் கட்டியது.

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மொத்தம் பன்னிரண்டு பேர். தலைவி ஓர் ஏலக்காய் வியாபாரியின் வீட்டம்மா. நாங்கள் எல்லோரும் பெரியக்கா என்போம். அவர் வீட்டு மாடியில்தான் கூட்டம். செயலாளர், கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்து அக்கா. கூட்டத்தில் யாராவது தும்மினால்கூட நோட்டில் எழுதிவிடுவார். மற்ற பத்துப் பேரும் வடை வரும்வரை பொறுமையாக இருப்பவர்கள். நான் அந்தப் பத்தில் ஒருத்தி.

குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்களின் லைன் வீடுகளுக்கு, ஆடிச் சாரல் தொடங்கும் முன் போர்வை கொடுப்பது சங்கத்தின் வழக்கம். கடையில் வாங்கிய போர்வை இல்லை. வீடு வீடாகப் பழைய நூல்சேலை கேட்டு வாங்குவோம். டெய்லர் கடைகளில் வெட்டித் தள்ளிய துண்டுகளைப் பொறுக்கி வருவோம். மேலே ஒட்டுத்துணி, நடுவில் இரண்டு மடிப்புச் சேலை, அடியில் ஒரு சேலை என்று அடுக்கித் தைப்போம். முந்தின வருஷம் நான்கு ஓரங்களை மட்டும் தைத்துக் கொடுத்துவிட்டோம். ஓடையில் ஒரு தடவை அலசியதுமே உள்ளே இருந்த சேலையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிச் சுருண்டுகொண்டதாம். எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த கங்காணி அதைப் பெரியக்காவிடம் மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

"போர்வைக்குள்ளயே தலகாணியும் வச்சுக் குடுத்திருக்கீகன்னு பொம்பளைகளுக்கு ஒரே சந்தோசம் தாயி."

பெரியக்கா அன்றைக்கே கூட்டம் போட்டார். இந்த முறை போர்வையின் உடம்பு முழுக்கத் தையல் ஓட வேண்டும், உள்ளே இருக்கிற துணி அசையக் கூடாது, பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும் என்றார். மற்ற பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெருமையோடு தலையாட்டினேன். என்ன டிசைன் போடுவது என்று முடிவு செய்தால் மறுநாளே மெஷினில் உட்கார்ந்துவிடுகிறேன் என்றேன். அந்த முடிவுக்கு நான்கு கூட்டம் பிடித்தது.

அது தேர்தல் வருகிற வருஷம். பெரியக்காவின் வீட்டுக்காரர் சூரியன் பக்கம். செயலாளர் அக்காவின் வீட்டுக்காரர் இலைப் பக்கம். இரண்டு ஆண்களும் கடைவீதியில் எதிரெதிரே வந்தால் ஒருவர் கருவாட்டுக் கடைப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஆனால் இந்த இரண்டு பெண்களும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதிகள். தங்களுக்குள் அரசியல் பேசுவதே இல்லை என்று வைத்திருந்தார்கள். பேசாமலே அதை எப்படி நடத்தினார்கள் என்பதை அந்த நான்கு கூட்டங்களில் பார்த்தேன்.

முதல் கூட்டத்தில் ஒருத்தி மயில் என்றாள். ஒரு மயிலுக்கு எனக்கு இரண்டு நாள் ஆகும், இருபது மயில் முடிவதற்குள் சாரல் போய்ப் பனியே வந்துவிடும் என்று சொல்லித் தப்பித்தேன். பிறகு நானே ஒரு படம் வரைந்து காட்டினேன். ஏலக்காய் ஊரில் ஏலச்செடிதானே பொருத்தம்? ஒரு தண்டு, பக்கத்துக்கொன்றாக இலை, அடியில் கொத்தாகக் காய்.

பெரியக்கா தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "எலை எத்தனைத்தா இருக்கு?"

"ரெண்டுக்கா."

"அதான் கேட்டேன்."

செயலாளர் அக்கா நோட்டிலிருந்து நிமிராமல், "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்றார். அவருக்கு எப்படி ஆட்சேபணை இருக்கும்?

"மூணு எலையாப் போட்டுர்றேன்க்கா" என்றேன்.

"ஒண்ணு கிழிஞ்சு போனா மிச்சம் ரெண்டுதான?" என்றார் பெரியக்கா. ஏலச்செடி அதோடு போயிற்று.

அடுத்த கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து யாரோ, "ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழ ஓடை. எல்லாப் புள்ளைகளும் வரையிற படந்தான?" என்றாள். செயலாளர் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார். "அழகாத்தான் இருக்கும். யாரு சொன்னது? பேரு எழுதிக்கிறேன்." சொன்னவள் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. குழந்தைகளின் கையை வைத்து வரைந்து அப்படியே தைக்கலாம் என்று இன்னொருத்தி சொன்னபோது இருவரும் ஒரே குரலில் "கை வேண்டாம்" என்றார்கள். தாமரையும் அதே வழியில் போனது.

கட்சிச் சின்னங்கள் போக மிச்சமாவது இருக்கும் என்று பார்த்தால், சுயேச்சைகள் எதையும் விட்டுவைக்கவில்லை. குடை, ஏணி, சைக்கிள், மண்வெட்டி, பானை எல்லாவற்றிலும் யாராவது நின்றிருந்தார்கள். கத்தரிக்கோல் தையலுக்குப் பொருத்தம் என்று ஆசையாகச் சொன்னேன். எங்களில் ஒருத்தியின் கொழுந்தனார் கத்தரிக்கோலில் நின்று தோற்றவராம். அவள் கண் கலங்கிவிட்டது. கோலம் போடலாம் என்றால், கோலத்தின்மேல் கால் நீட்டிப் படுக்கலாமா என்று ஒரு சந்தேகம் கிளம்பி அரைமணி நேரம் ஓடியது. இலையில்லாமல் ஏலக்காயை மட்டும் சிதறவிட்டு வரைந்து பார்த்தேன். பெரியக்காவால் அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் வீட்டில் வடை கொண்டுவந்து வைக்கிற அம்மாள்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "எலிப் புழுக்கை எதுக்குத்தா வரையிற?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் ஏலக்காய் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை பார்த்தார். நாளெல்லாம் காயைச் சலித்து, நிறம் பார்த்து, பருமன் பார்த்துப் பிரித்துவிட்டு வருவார். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பின்னும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு என்னத்த விரட்டுனீக?" என்று விசாரிப்பார். மூன்றாவது கூட்டம் முடிந்ததும் அவர் தம் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார்.

"பேசாம வடையப் போடு. அந்த ஒண்ணுலதான் உங்க சங்கம் பிரியாம இருக்கு."

நான்காவது கூட்டத்துக்குப் போகும்போது, படம் வரைந்த நோட்டை ஒரு கழிவுத்துணியில் சுற்றி எடுத்துப் போனேன். மெஷினில் நூல் இழுக்கிறதா, தளர்கிறதா என்று பார்ப்பதற்காக நான் வைத்திருந்த துணி அது. அதில் கை போன போக்கில், வளைத்து வளைத்து, ஒரு கோட்டின்மேல் இன்னொரு கோடு ஏறாமல், வெறுமனே ஓட்டியிருந்தேன். செயலாளர் அக்கா நோட்டை விட்டுவிட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டார்.

"இது என்னத்தா?"

"அது ஒண்ணுமில்லக்கா. நூலு சரியா விழுகுதான்னு பாத்தது."

பெரியக்கா அதை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். பக்கவாட்டில் பிடித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எங்காவது ஓர் இலை ஒளிந்திருக்கிறதா என்று தேடினார் போலிருக்கிறது. "எப்பிடிப் பாத்தாலும் ஒண்ணுமே தெரியலையே" என்றார் திருப்தியாக.

"இடியாப்பம் மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி.

செயலாளர் அக்கா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இடியாப்பத்துல யாராச்சும் நின்னிருக்காகளா?"

யாரும் நின்றிருக்கவில்லை. இடியாப்ப டிசைன் ஒருமனதாக நிறைவேறியது என்று நோட்டில் ஏறிவிட்டது. ரோஜாக் கொடியும் அன்னப் பறவையும் போட்டுச் சான்றிதழ் வாங்கிய எனக்கு, அன்றைக்கு வடைகூட ருசிக்கவில்லை.

தைக்க உட்கார்ந்த பிறகுதான் அது லேசுப்பட்ட காரியமில்லை என்று புரிந்தது. முழுப் போர்வையை மெஷினின் கழுத்துக்குள் நுழைக்க வேண்டும். ஒரு பாதியைப் பாய்போலச் சுருட்டி உள்ளே திணித்தால், மறுபாதி எதிர்ப்பக்கம் தொங்கிக்கொண்டு துணியை இழுக்கும். ஊசி பட்டென்று உடையும். எதிரே ஒருவர் நின்று பாரத்தைத் தாங்க வேண்டும். மண்டியிலிருந்து சாயங்காலம் வருகிற வீட்டுக்காரரைப் பிடித்து நிறுத்தினேன். அவர் சும்மா நிற்கவில்லை. ஏலக்காயைப் பார்க்கிற அதே கண்ணால் என் தையலையும் பார்த்தார்.

"இந்த எடம் மொதல் தரம். இந்தா, இங்க ரெண்டு கோடும் முட்டிக்கிருச்சு, இது சருகு. தள்ளிர வேண்டியதுதான்."

"வாய மூடிக்கிட்டுப் பிடிங்க. நெளியுது பாருங்க."

"நெளியிறதுதான உங்க டிசைனே?"

கோடு கோட்டைத் தொடக்கூடாது என்பதுதான் இதில் இருந்த ஒரே சட்டம். அதுவே போதுமான தலைவலி. கவனமில்லாமல் ஒரு மூலைக்குள் நுழைந்துவிட்டால், வெளியே வர வழியிருக்காது. நூலை அறுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். பத்தாவது போர்வைக்கு மேல் கை பழகிவிட்டது. எந்த வளைவில் போனால் எந்த வளைவில் திரும்பலாம் என்று முன்கூட்டியே கண் பார்த்துக்கொள்ளும். அந்த மிதப்பில்தான் ஒரு நாள் எதிரே இருந்த சட்டைக் கையையும் சேர்த்து ஓட்டிவிட்டேன்.

"ஏ நிறுத்து, நிறுத்து! என்னையும் எஸ்டேட்டுக்கு அனுப்பப் போறியா?"

நல்லவேளை, சட்டை மட்டும்தான். பிரிப்பதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் அதுவரை போர்வையோடு சேர்ந்தே உட்கார்ந்து காபி குடித்தார்.

இருபதும் முடிந்தன. பெரியக்கா, செயலாளர் அக்கா, நான் மூவரும் ஜீப்பில் குரங்கணிக்குப் போனோம். அங்கிருந்து பொதி சுமக்கிற குதிரைகளில் மூட்டைகள் ஏற, நாங்கள் பின்னாலே நடந்தோம். பெரியக்கா ஒவ்வொரு வளைவிலும் ஒரு பாறையைத் தேடி உட்கார்ந்து, "என்ன அழகுத்தா இந்த எடம்" என்று மூச்சு வாங்கினார். அன்றைக்கு மேகம் இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

லைன் வீடுகளுக்கு முன்னால் இருந்த முற்றத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். போர்வைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். வாங்கிக் கனம் பார்த்தார்கள், கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். எல்லோர் முகத்திலும் சந்தோஷம்தான். அதில் என் வயதுக்காரி ஒருத்தி, எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்து எஸ்டேட்டுகளில் பல வருஷம் காய் எடுத்துவிட்டு வந்தவள், தன் போர்வையை விரித்து முன்னும் பின்னும் நிதானமாகப் பார்த்தாள்.

"கொள்ளாம் சேச்சி. நல்ல கனம்" என்றாள் என்னிடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "டிசைன் போடத்தான் நேரம் கிட்டலையோ?"

"இதான் டிசைன்" என்றேன்.

அவள் மறுபடி போர்வையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "செரி செரி. இதும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். பரீட்சையில் தோற்ற பிள்ளையிடம் பேசுகிற குரல் அது. திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

பெரியக்காவுக்குப் பொறுக்கவில்லை. எந்தக் கட்சியையும் சேராமல், யார் மனமும் புண்படாமல், நான்கு கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்த டிசைன் இது என்று விளக்கமாகச் சொன்னார். பெண்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அந்த என் வயதுக்காரிதான் பதில் சொன்னாள்.

"வெளக்க அணைச்சிட்டுத்தானம்மா போத்துவோம். இருட்டுல எந்தக் கட்சி வந்து பாக்கப் போகுது?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். செயலாளர் அக்காவும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவள் என் பக்கம் திரும்பி, "எனக்குச் சக்கை போட்டுத் தருவீங்களா?" என்றாள்.

என் தையலைத்தான் சக்கை என்கிறாள் என்று நினைத்து எனக்கு முகம் சுண்டிவிட்டது. மலையாளத்து வியாபாரிகளோடு பழகிய செயலாளர் அக்கா என் காதில், "பலாப்பழத்தச் சொல்றாத்தா" என்றார்.

சாரல் பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் வழுக்கும், குதிரை இறங்காது, இரண்டு நாள் இருந்துதான் போக வேண்டும் என்றார் கங்காணி. எஸ்டேட் எழுத்தர் வீட்டில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் சக்கை கேட்டவள் வந்து நின்றாள். எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அறையில் கையால் சுற்றுகிற பழைய மெஷின் ஒன்று இருக்கிறதாம்.

போய்ப் பார்த்தேன். அந்த மெஷினில் பல்லை இறக்குகிற வசதி இல்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையைக் கிழித்து, நடுவில் ஊசிக்கு ஓட்டை போட்டு, பல்லின்மேல் வைத்துக் கட்டினேன். பல் அடங்கிவிட்டது. ஆனால் துணியை நகர்த்த எனக்கு இரண்டு கையும் வேண்டும்; பிடியைச் சுற்ற மூன்றாவது கைக்கு எங்கே போவது?

"நான் சுத்துறேன்" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்படித்தான் அந்தப் பலாப்பழத்தைப் போட்டோம். அவள் சுற்ற, நான் நகர்த்த. உற்சாகம் வந்தால் வேகமாகச் சுற்றுவாள். என் கை பின்தங்க, முள்ளெல்லாம் ஒரே இடத்தில் குவியும். பேச்சு வந்தால் மெதுவாகிவிடுவாள்; முள் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்துக்குப் போகும். "மெதுவா சுத்துத்தா" என்றால், "சேச்சி கொஞ்சம் வெரசா நகர்த்தக் கூடாதா?" என்பாள். அரைமணி நேரத்தில் ஒரு பலாப்பழம் இடியாப்பத்துக்கு நடுவே தொங்கியது. அவள் அதைத் தடவிப் பார்த்து, "மதி, இது மதி. இது போதும்" என்றாள்.

அவ்வளவுதான், வாசலில் வரிசை நின்றுவிட்டது. ஒருத்திக்கு ஜீப். ஒருத்திக்குச் செத்துப்போன அவள் ஆடு, வலது கொம்பு மட்டும் மடங்கியிருக்க வேண்டும். ஒருத்திக்கு மயில், எவ்வளவு முயன்றும் அது கோழியாகிவிட்டது. "போகட்டும், முட்டையாச்சும் போடும்" என்று வாங்கிப் போனாள். பெரியக்காவும் செயலாளர் அக்காவும் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

பிறகு அடுத்தடுத்த வீட்டுக்காரிகளான இரண்டு ஓரகத்திகள் வந்தார்கள். மூத்தவள் போர்வையை நீட்டி, "எனக்கு ரெட்டை எலை" என்றாள். இளையவள் உடனே, "எனக்குச் சூரியன். அவளுதவிடப் பெருசா" என்றாள்.

நான் மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டேன். சுவரோரம் திரும்பிப் பார்த்தேன். இரண்டு சிநேகிதிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னத்தா முழிக்கிற? கேட்டதத் தச்சுக் குடு" என்றார் பெரியக்கா. சற்றுப் பொறுத்து, "எலைக்கு நடு நரம்பு நல்லாப் போடு. இல்லாட்டிக் கரண்டி மாதிரி இருக்கும்" என்றார்.

செயலாளர் அக்காவும் விடவில்லை. "சூரியனுக்குக் கதிர நீளமா விடுத்தா. குளிரு ஊரு."

மூன்றாம் நாள் வானம் வெளுத்தது. இறங்கி வந்தோம். பெரியக்காவின் கால் இரண்டும் வீங்கி, ஒரு வாரம் மாடிப்படி ஏற முடியாமல் கூட்டம் கீழே நடந்தது. அந்தக் கூட்டத்தில் செயலாளர் அக்கா இடியாப்பத் தீர்மானத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்: நடுவில் அவரவர் கேட்கிற படம். அதற்குப் பிந்தைய வருஷங்களில், என்ன போடுவது என்று நாங்கள் பேசவே இல்லை. கங்காணியிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டோம். நான் மட்டும் இரண்டு மாதம் மயில் பழகினேன்.

அந்த வருஷத் தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள், மெஷின் பிடி சுற்றியவள் சந்தைக்கு இறங்கி வந்தபோது, விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒரு பொட்டலம் மிளகு கொண்டுவந்திருந்தாள். என் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அது காலால் மிதிக்கிற மெஷின்; அவளை அதில் உட்காரவைத்தேன். மிதி பின்பக்கமாகச் சுழன்று நூல் அறுந்துபோயிற்று. மூன்று தடவை அப்படியே ஆயிற்று.

"எனக்குக் கால் வேண்டாம் சேச்சி. நீங்க மிதிங்க, நான் நகர்த்துறேன்" என்றாள்.

இரண்டு நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டோம். நான் பக்கவாட்டில் உட்கார்ந்து மிதிக்க, அவள் துணியை நகர்த்தினாள். இரண்டு ஊசி உடைந்தது. மூன்றாவது ஊசியில் ஒரு குடத்தின் உருவம் வந்தது. கழுத்து கொஞ்சம் கோணல். அதைப் பார்த்ததும் அவளுக்குக் குரங்கணி ஜீப் கிளம்புகிற நேரமே மறந்துவிட்டது. நான்தான் ஞாபகப்படுத்தி எழுப்பினேன்.

"அடுத்த சந்தைக்கும் வர்றேன்" என்று படியிறங்கினாள்.

சொன்னபடி வந்தாள். கூட இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. வீட்டுக்காரர்தான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் எல்லோருக்கும் புரோட்டா வாங்கிவந்தார்.